விரல்கள் பிரியும் விதம்

விரல்கள் ஒட்டியபடியோ ஆறாம் விரலோடோ ஒரு குழந்தை பிறந்துவிட்டால், மருத்துவரிடம் காரணம் கேட்பதற்கு முன்னரே தாயிடம் ஒரு கேள்வி கேட்கப்படுகிறது. “கிரகணத்தன்று வெளியே வந்தாயா? அரிவாள்மணையைத் தொட்டாயா?” என்பதே அக்கேள்வி. இது நம் ஊர்ப் பாட்டிமார்களுக்கு மட்டும் உரியதென்று எண்ண வேண்டாம். தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம்மவர்கள், அண்டை வீட்டாரிடமும் இதே அச்சத்தைக் கண்டிருப்பார்கள். மொழி வேறாயினும் கேள்வி ஒன்றே. கேட்கப்படுபவளும் எங்கும் ஒருத்தியே. பிரசவ அயர்ச்சி தீராத அந்தப் பெண், தான் ஏதோ பிழை செய்துவிட்டதாக எண்ணி ஆண்டுக்கணக்கில் மனம் குமைகிறாள். ஆகவே, கருவில் விரல்கள் எவ்வாறு அமைகின்றன என்பதை அறிவது வெறும் பொழுதுபோக்கன்று.

முதலில் காலக் கணக்கைக் கவனிப்போம். கருவுற்ற 26-ஆம் நாளளவில், கருவின் இரு பக்கங்களிலும் இரண்டு சிறு புடைப்புகள் தோன்றுகின்றன. அவையே கைகளின் மொட்டுகள். ஓரிரு நாட்கள் கழித்துக் கால்களின் மொட்டுகளும் தோன்றுகின்றன. அப்போது கருவின் நீளம் அரிசி மணியின் நீளத்தை மிஞ்சாது. ஐந்தாம், ஆறாம் வாரங்களில் மொட்டின் நுனி படகுத் துடுப்பைப் போல் தட்டையாகிறது. அத்துடுப்பினுள் ஐந்து கதிர்கள் தென்படுகின்றன. எட்டாம் வாரத்தின் முடிவில் கரு ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் நீளம் உடையதாக இருக்கும்போதே, பத்துக் கைவிரல்களும் பத்துக் கால்விரல்களும் தனித்தனியே பிரிந்து விடுகின்றன. ஏழாம் மாதத்தில் வந்த கிரகணத்தைக் காட்டித் தாயைக் குறை கூறுவோர், விரல்களின் வேலை ஐந்து மாதங்களுக்கு முன்பே முடிந்துவிட்டது என்பதை அறியார். இன்னும் சொல்லப் போனால், அவ்வேலை தொடங்கும் நாளில், தான் கருவுற்றிருப்பதையே பல பெண்கள் அறிந்திருப்பதில்லை.

மரத்தில் கிளை விடுவதுபோல் உள்ளங்கையிலிருந்து விரல்கள் ஒவ்வொன்றாகக் கிளைத்து வளர்கின்றன என்றே நம்மில் பலர் எண்ணியிருப்போம். உண்மை அதுவன்று. சிற்பி ஒரு கல்லிலிருந்து வேண்டாத பகுதியைச் செதுக்கி நீக்குவதுபோல, துடுப்பு வடிவான தசையிலிருந்து இடைப்பகுதிகள் நீக்கப்படுவதால் விரல்கள் வெளிப்படுகின்றன. ஆயினும் இந்தச் சிற்பத்திற்குச் சிற்பி ஒருவர் வெளியே இல்லை. கல்லின் துகள்களே தமக்குள் பேசிக்கொண்டு தம்மைச் செதுக்கிக் கொள்கின்றன. அவை பேசும் மொழிதான் வளர்ச்சிக் காரணிகள் எனப்படும் புரதங்கள்.

‘காரணி’ என்ற சொல் எமக்கு முழு நிறைவைத் தரவில்லை. கணக்குப் பாடத்தில் எண்களுக்கும் அதே சொல்லை வழங்குகிறோம். ‘வளர்ச்சித் தூதன்’ என்று வழங்கியிருந்தால் பொருள் இன்னும் விளங்கியிருக்கும். ஓர் உயிரணு இந்தப் புரதத்தைச் சுரந்து வெளியே விடுகிறது. அது அருகிலுள்ள உயிரணுவின் மேலுறையில் இருக்கும் ஏற்பி என்னும் மற்றொரு புரதத்தில் சென்று பொருந்துகிறது. உடனே அலுவலகக் கோப்பு மேசை மேசையாக முத்திரை பெற்று உள்ளே செல்வதைப் போல, ஒரு புரதம் அடுத்த புரதத்தைத் தூண்ட, செய்தி உயிரணுவின் உட்கருவை அடைகிறது. அங்கே சில மரபணுக்கள் விழிக்கின்றன, சில உறங்கிவிடுகின்றன. ‘பெருகு’, ‘நில்’, ‘எலும்பாகு’, ‘மடிந்துபோ’ என்பன போன்ற கட்டளைகள் இவ்வாறே நிறைவேறுகின்றன.

இத்தகைய தூதர்களில் முதன்மையாக அறியப்பட்டதைக் கண்டறிந்தவர் இத்தாலியில் பிறந்த ரீட்டா லெவி-மொந்தால்சினி என்னும் அம்மையார். யூதக் குடும்பத்தில் பிறந்தவராதலால், முசோலினி ஆட்சியின் இனச் சட்டங்கள் அவரைப் பல்கலைக் கழகத்திலிருந்து வெளியேற்றின. அவரோ தம் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கிக் கோழி முட்டைகளின் கருக்களை ஆராய்ந்து வந்தார். போருக்குப் பின் அமெரிக்கா சென்று, நரம்புகளை வளரத் தூண்டும் புரதத்தைக் கண்டறிந்தார். அதற்காக அவருக்கும், அவருடன் பணியாற்றிய ஸ்டான்லி கோஹெனுக்கும் 1986-ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

விரல்களின் கதையிலும் கோழிக்கருவே பெரும்பங்கு வகிக்கிறது. முட்டை ஓட்டில் சிறு சாளரம் திறந்து, கருவில் வேண்டிய மாற்றத்தைச் செய்து, சாளரத்தை ஒட்டி மூடி மீண்டும் அடைகாக்க வைத்தால் கரு வளர்கிறது. 1948-ஆம் ஆண்டில் ஜான் சாண்டர்ஸ் என்னும் அமெரிக்க விஞ்ஞானி இம்முறையில் ஒரு சோதனை செய்தார். இறக்கை மொட்டின் நுனியில், வயல் வரப்பைப் போன்று தடித்த தோல் விளிம்பு ஒன்று உண்டு. அவ்வரப்பை நுண்ணிய ஊசியால் நீக்கினார். மூன்றாம் நாளில் நீக்கியபோது, தோளையடுத்த பகுதியோடு இறக்கையின் வளர்ச்சி நின்றுவிட்டது. மேலும் ஒரு நாள் தாழ்த்தி நீக்கியபோது, மேற்பகுதிகள் யாவும் அமைந்து விரல் நுனி மட்டும் குறைந்தது. எந்தக் கட்டத்தில் வரப்பு போயிற்றோ, அந்தக் கட்டத்தோடு கட்டடம் நின்றது. வரப்பிலிருந்து ஏதோ ஒரு கட்டளை உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கிறது என்பது இதனால் தெளிவாயிற்று.

அந்தக் கட்டளை யாது என்பதை அறிய மேலும் 45 ஆண்டுகள் ஆயின. நார்த்திசு வளர்ச்சிக் காரணி என்றொரு புரதக் குடும்பம் உண்டு. அக்குடும்பத்துப் புரதம் ஒன்றில் ஊறவைத்த நுண்மணிகளை, வரப்பு நீக்கப்பட்ட மொட்டின் நுனியில் 1993-ஆம் ஆண்டில் வைத்துப் பார்த்தார்கள். வரப்பு இல்லாமலேயே அவயவம் ஏறத்தாழ முழுமையாக வளர்ந்தது! இரண்டு ஆண்டுகள் கழித்து நடந்த சோதனை இன்னும் வியப்பானது. கோழிக்கருவின் இறக்கைக்கும் காலுக்கும் இடைப்பட்ட விலாப்புறத்தில், ஒருநாளும் அவயவம் முளைக்காத இடத்தில், இதே குடும்பத்துப் புரதத்தில் நனைத்த மணியை வைத்தபோது அங்கே புதிய அவயவம் ஒன்று முளைத்தது. எலிகளிலோ, இக்குடும்பத்தின் பத்தாம் புரதத்தை ஆக்கும் மரபணுவை நீக்கியபோது கைகால்களே இல்லாத குட்டிகள் உருவாயின.

வளர்ச்சிக்கு விடை கிடைத்தது. ஆனால் கட்டைவிரல் ஒரு பக்கத்திலும் சுண்டுவிரல் மறுபக்கத்திலும் அமைவது எங்ஙனம்? இதற்கும் வழிகாட்டியவர் சாண்டர்ஸ் அவர்களே. அவரும் மேரி காசலிங் அம்மையாரும் 1968-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி மிகவும் புகழ் பெற்றது. மொட்டின் சுண்டுவிரல் பக்க ஓரத்திலிருந்து ஒரு சிறு துணுக்கை வெட்டியெடுத்து, வேறொரு மொட்டின் கட்டைவிரல் பக்க ஓரத்தில் ஒட்டினார்கள். கோழியின் இறக்கையில் மூன்று விரல்களே உண்டு. அவற்றை 2, 3, 4 என்று எண்ணுவது வழக்கம். ஒட்டு வைத்த இறக்கையிலோ 4, 3, 2, 2, 3, 4 என்று ஆறு விரல்கள், கண்ணாடியில் பார்ப்பதுபோல் எதிரெதிராக அமைந்தன. அந்தத் துணுக்கு வெறும் தசையன்று. ‘சுண்டுவிரல் திசை இதுவே’ என்று பறைசாற்றும் நிலையம் என்பது விளங்கிற்று.

இதற்கு அடுத்த ஆண்டில், லண்டன் நகரத்து அறிஞர் லூயிஸ் வோல்பர்ட் ஓர் அழகிய கருத்தை வெளியிட்டார். ஊருக்கு நடுவே ஒருவர் அகில் புகைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அருகில் உள்ளவர்க்கு மணம் மிகுதி. தொலைவில் உள்ளவர்க்கு மெலிவு. மணத்தின் அளவைக் கொண்டே ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு தாம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்று சொல்லிவிடலாம். அதுபோல, ஒவ்வோர் உயிரணுவும் தன்னை வந்தடையும் தூதுப் புரதத்தின் அளவைக் கொண்டு தன் இருப்பிடத்தை அறிந்து அதற்கேற்ற வடிவம் பெறுகிறது என்றார் அவர். அளவு மட்டுமன்றி, எவ்வளவு நேரம் அப்புரதத்தில் மூழ்கியிருந்தது என்பதும் கணக்கில் சேரும் என்பது பிற்கால ஆராய்ச்சியில் தெரியவந்தது.

1993-ஆம் ஆண்டில், ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் கிளிஃபோர்டு டாபின் குழுவினர் அந்தத் தூதனை அடையாளம் கண்டனர். அதன் பெயர் ‘சோனிக் ஹெட்ஜ்ஹாக்’. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எம்மைப் போன்றவர்களுக்கு இப்பெயர் ஒரு சோதனை. பழ ஈயில் இதன் உறவு மரபணு கெட்டால், அதன் புழு முள்ளெலியைப் போல் சிலிர்த்த முட்களோடு தோன்றுகிறது. ஆகவே ஈயின் மரபணு முள்ளெலி ஆயிற்று. முதுகெலும்புள்ள பிராணிகளில் கண்ட உறவினர்களுள் ஒன்றுக்கு, சிறுவர் ஆடும் மின்திரை விளையாட்டில் வரும் நீல நிற முள்ளெலியின் பெயரைச் சூட்டிவிட்டார்கள். இதைத் தமிழாக்கம் செய்யப் புகுந்தால் கேட்போர் நகைப்பர். நாம் ‘திசைப் புரதம்’ என்று வழங்கி அப்பால் செல்வோம். இப்புரதம் அறவே இல்லாத எலிக்கருவில் முன்காலில் விரல்கள் அமைவதில்லை. பின்காலில் பெருவிரல் போன்ற ஒன்று மட்டுமே எஞ்சுகிறது.

வரப்பும் திசை நிலையமும் தனித்தனியே வேலை செய்வதில்லை. வரப்பிலிருந்து வரும் நார்த்திசுக் காரணி, திசைப் புரதத்தின் உற்பத்தியைக் காக்கிறது. திசைப் புரதமோ ‘கிரெம்லின்’ என்னும் மற்றொரு புரதத்தின் வாயிலாக வரப்பைக் காக்கிறது. இது மாஸ்கோ மாளிகையின் பெயரன்று. மேல்நாட்டுக் கதைகளில் வரும் குறும்புப் பூதத்தின் பெயர். ஒன்றையொன்று தாங்கும் இந்த உறவு சில நாட்களே நீடிக்கிறது. மொட்டு பெரிதாகப் பெரிதாக இருவருக்கும் இடையே தூரம் மிகுந்து, உரையாடல் அறுந்து, வளர்ச்சி நிற்கிறது. கை அளவோடு அமைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, துடுப்பினுள் விரல், இடைவெளி, விரல், இடைவெளி என்று வரிசையாகக் கதிர்கள் தோன்றுவது எப்படி? இதற்கான விடையின் வித்து, உயிர்நூல் அறிஞரிடமிருந்து வரவில்லை. கணித மேதை ஆலன் டியூரிங்கிடமிருந்து வந்தது. ஒன்றையொன்று தூண்டியும் அடக்கியும் பரவும் இரண்டு பொருள்கள் இருப்பின், ஒரே சீரான பரப்பிலும் தாமாகவே புள்ளிகளும் கோடுகளும் எழும் என்று 1952-ஆம் ஆண்டிலேயே அவர் கணக்கிட்டுக் காட்டினார். கடற்கரை மணலில் காற்று வரிவரியாக அலைகளை எழுப்புவதை நாம் கண்டிருக்கிறோம்; எந்த மணல் துகளுக்கும் தான் மேட்டில் நிற்கப் போகிறோமா பள்ளத்தில் நிற்கப் போகிறோமா என்பது முன்னால் தெரியாது. நெடுங்காலம் இக்கருத்தை உயிர்நூலார் பொருட்படுத்தவில்லை. 2014-ஆம் ஆண்டில் பார்சிலோனா நகரத்தில் ஜேம்ஸ் ஷார்ப் குழுவினர், எலிக்கருவின் விரற்கதிர்கள் இத்தகைய முறையால் அமைகின்றன என்பதற்குச் சான்று தந்தனர். குருத்தெலும்பைத் தோற்றுவிக்கும் ஒரு மரபணுவும், அதனோடு இணைந்த இரண்டு சமிக்ஞைப் புரதக் குடும்பங்களும் இதில் ஈடுபடுகின்றன. இந்த அலையின் இடைவெளியைக் குறைக்கும் வகையில் எலிகளின் மரபணுக்களை மாற்றியபோது, விரல்கள் மெலிந்து எண்ணிக்கையில் பெருகின. டியூரிங் 1954-ஆம் ஆண்டிலேயே மறைந்து போனார். தம் கணக்கு எலியின் பாதத்தில் மெய்ப்பட்டதை அவர் காணவில்லை.

கதிர்கள் அமைந்த பின், இடைப்பகுதி நீங்க வேண்டும். அங்குள்ள உயிரணுக்கள் ஒழுங்கான முறையில் தம்மைத் தாமே மாய்த்துக்கொள்கின்றன. அதற்கான ஆணையை இடுவதில் பெரும்பங்கு ‘எலும்பாக்கும் புரதம்’ என்ற காரணிக் குடும்பத்திற்கு உரியது. பெயருக்கும் செயலுக்கும் பொருத்தம் இல்லையே என்று தோன்றலாம். விரற்கதிரில் அதே தூது குருத்தெலும்பை வளர்க்கிறது. இடைப்பகுதியில் மரணத்தை விதிக்கிறது. தூது ஒன்றாயினும், பெறுபவரின் நிலைக்கேற்பப் பொருள் மாறுகிறது. 1996-ஆம் ஆண்டில் கோழிக்கருவின் காலில் இத்தூதைக் கேளாதபடி உயிரணுக்களின் செவியை அடைத்தார்கள். கோழிக்கு வாத்தின் கால் அமைந்துவிட்டது! வாத்தின் காலில் விரல்களுக்கு இடையே முன்னர்க் கூறிய கிரெம்லின் புரதம் நின்று, எலும்பாக்கும் புரதத்தைத் தடுத்துச் சவ்வைக் காப்பாற்றுகிறது. வௌவாலின் இறக்கையிலும் கிரெம்லின் அவ்வாறே நிற்கிறது. அங்கே நார்த்திசுக் காரணியும் உடன் துணை செய்கிறது. நீந்துவதற்கும் பறப்பதற்கும் வேண்டிய சவ்வு, புதிதாகப் படைக்கப்பட்டதன்று, அழியாமல் விடப்பட்டது.

இப்போது, ஒட்டிய விரல்களுக்கு வருவோம். இரண்டு, மூன்றாயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இக்குறை உண்டு என்பது மருத்துவர்களின் பொதுக் கணிப்பு. இடைப்பகுதி நீங்காமல் நின்றதே இதன் உட்பொருள். இது குடும்பத்தில் வழிவழியாக வருவதும் உண்டு; புதிதாகத் தோன்றுவதும் உண்டு. ஏப்பர்ட் நோய் என்னும் அரிய நிலையில், நான்கு கைகால்களிலும் விரல்கள் உறை போட்டாற்போல் ஒன்றாகச் சேர்ந்திருக்கும்; மண்டையோட்டின் இணைப்புகளும் முன்கூட்டியே மூடிக்கொள்ளும். நார்த்திசுக் காரணியின் இரண்டாம் ஏற்பியில் ஒரே ஓர் எழுத்துப் பிழை ஏற்படுவதே இதன் காரணம் என்பது 1995-இல் தெரிந்தது. அந்த ஏற்பி அளவுக்கு மீறிச் செய்தியைக் கேட்கிறது. மறு ஆண்டில், இப்பிழை புதிதாகத் தோன்றிய 57 குடும்பங்களை ஆராய்ந்தார்கள். ஐம்பத்தேழிலும் பிழை தோன்றியது தந்தையின் விந்தணுவில்! தந்தையின் வயது ஏற ஏற இதற்கான வாய்ப்பும் ஏறுகிறது. அதற்காகத் தந்தையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தச் சொல்லவில்லை. எழுத்துக்கள் கோடிக்கணக்கில் படியெடுக்கப்படும்போது நேரும் பிழைக்கு எவர் என்ன செய்ய முடியும்? தாயை மட்டும் கூண்டில் நிறுத்தியோர் இச்செய்தியை ஒருமுறைக்கு இருமுறை கேட்பது நன்று.

ஆறாம் விரலுக்கும் ஒரு விளக்கம் உண்டு. திசைப் புரதத்தின் மரபணுவை அவயவத்தில் இயக்கும் பொத்தான், அம்மரபணுவிலிருந்து ஏறத்தாழ 10 லட்சம் எழுத்துக்களுக்கு அப்பால், வேறொரு மரபணுவின் உள்ளே இருக்கிறது. வீட்டு விளக்கின் பொத்தான் அடுத்த தெருவில் இருப்பது போன்ற ஏற்பாடு இது. பொத்தானில் ஓர் எழுத்து மாறினாலும் கட்டைவிரல் பக்கத்திலும் புரதம் சுரந்துவிடுகிறது. சாண்டர்ஸ் கையால் ஒட்டு வைத்ததை இயற்கை எழுத்துப் பிழையால் செய்கிறது. அப்பக்கத்தில் மிகை விரல் தோன்றுகிறது. அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே வாழ்ந்த கீ வெஸ்ட் வீட்டின் ஆறு விரல் பூனைகளிலும் இதே பொத்தானில் மாற்றம் இருப்பதை ஆராய்ச்சியாளர் கண்டனர். சுண்டுவிரல் பக்கத்தில் வரும் மிகை விரலுக்குப் பெரும்பாலும் வேறு மரபணுக்கள் பொறுப்பு. ஆறாம் விரலை அதிர்ஷ்டம் என்போரும் உண்டு. அதிர்ஷ்டமாகக் கொண்டாலும் குறையாகக் கொண்டாலும் அது கிரகணத்தோடு தொடர்புடையதன்று.

வெளியிலிருந்து வரும் கேடு எதுவுமே இல்லையா எனின், உண்டு. 1957-ஆம் ஆண்டில் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்னும் மாத்திரை விற்பனைக்கு வந்தது. உறக்கத்திற்கும், கர்ப்பிணிகளின் மசக்கை வாந்திக்கும் தீங்கற்ற மருந்து என்று விளம்பரப்படுத்தினார்கள். 1961-ஆம் ஆண்டு நவம்பரில் அது அங்கே திரும்பப் பெறப்படுவதற்குள் பல நாடுகளிலுமாகப் பதினாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள், பலர் கைகால் குறைந்தவர்களாக, பிறந்துவிட்டார்கள். கருவுற்ற 20-ஆம் நாள் முதல் 36-ஆம் நாள் வரையுள்ள குறுகிய காலமே மிகவும் ஆபத்தானது. அமெரிக்காவில் ஃபிரான்சிஸ் கெல்சி என்னும் அரசாங்க அதிகாரி, சான்றுகள் போதா என்று கூறி அனுமதிக் கோப்பில் கையொப்பமிட மறுத்ததால், அந்நாடு பெருமளவில் தப்பியது. மருந்து கேடு செய்த வழியோ அரை நூற்றாண்டு கழித்தே புலனாயிற்று. செரிபிளான் என்னும் புரதத்தோடு அது ஒட்டிக்கொள்கிறது என்பதை 2010-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் கண்டனர். அதனால் அவயவ வளர்ச்சிக்கு வேண்டிய மற்றொரு புரதம் அழிக்கப்படுகிறது என்பது 2018-இல் வெளியாயிற்று. முகப்பருவுக்குத் தரப்படும் ஐசோடிரெட்டினாயின் என்ற மருந்தும் கருவுக்குப் பெருங்கேடு செய்வதே. ஆகவே கருவுறக் கூடிய நிலையில் உள்ள பெண்கள், எந்த மாத்திரையையும் விழுங்குமுன் அதனை மருத்துவரிடம் சொல்லிக் கேட்பது அவசியம். கிரகண நேரத்துக்கு மட்டும் கதவடைத்துவிட்டு, கடைக்காரர் எடுத்துக் கொடுத்த மாத்திரையை ஐயமின்றி உட்கொள்ளும் வழக்கம் நம் நகரங்களில் இன்றும் காணப்படுவதால் இதனைச் சற்று அழுத்திச் சொல்கிறோம்.

குழந்தை பிறந்த பின் செய்ய வேண்டியதைப் பற்றியும் சில சொற்கள். மிகை விரலைத் தலைமுடியாலோ நூலாலோ இறுகக் கட்டி உதிரச் செய்யும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அது கூடாது. இரத்தப்போக்கும் சீழும் உண்டாகலாம். அடிப்பகுதி எஞ்சி வலியும் தரலாம். உள்ளே எலும்பு இருக்கிறதா, அது எதனோடு இணைந்திருக்கிறது என்பதை எக்ஸ்ரே படம் காட்டிவிடும். ஒட்டிய விரல்களைப் பெரும்பாலும் ஆறாம் மாதத்திற்கும் இரண்டாம் வயதிற்கும் இடையே அறுவை செய்து பிரிக்கிறார்கள். நீளத்தில் வேறுபட்ட விரல்கள், கட்டைவிரலும் சுட்டுவிரலும் போல, ஒட்டியிருந்தால் இன்னும் முன்னதாகவே பிரிப்பார்கள். இல்லையேல் நீண்ட விரல் வளைந்துவிடும். பிரித்த இடத்தை மூடத் தோல் போதாமையால், உடலின் வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டுவதும் உண்டு. காலில் இரண்டாம், மூன்றாம் விரல்கள் மட்டும் தோலால் ஒட்டியிருப்பின், நடைக்கு ஊறு இல்லையாதலால் பல மருத்துவர்கள் அதனை அப்படியே விட்டுவிடச் சொல்வார்கள். விரல்களோடு தலை, இருதயம் முதலிய வேறு உறுப்புகளிலும் மாறுதல் இருக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார். குடும்பத்தில் முன்னர் எவருக்கேனும் இவ்வாறு இருந்ததா என்றும் கேட்பார். தந்தை வழியிலும் தாய் வழியிலும் விசாரித்து வைத்திருந்தால், அடுத்த குழந்தைக்கு இது நேரக்கூடுமா என்பதை அவரால் கணித்துச் சொல்ல இயலும்.